சுண்டெலிக்கு இத்தனை பெரிய இயந்திரமா?

(ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)





சென்ற வருடக் கூடுகை முடிந்து எல்லாரும் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னை வழியில் நிறுத்தினார்கள். தம்முடைய பென்ஷனில் ஒரு பங்கை வருடந்தவறாமல் நம் மருத்துவமனைக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். கையில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு இருந்தது.

"ஐயா, இதை வாசித்துப் பாருங்கள். சுண்டெலிக்குக் கதிர்வீச்சு கொடுக்க மேல்நாட்டில் ஒரு இயந்திரம் செய்திருக்கிறார்களாம். அதற்கு ஸ்கேன் எடுக்கிறார்களாம், கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிறார்களாம், அரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கதிரைச் சுருக்குகிறார்களாம். நம் நாட்டில் மனுஷருக்கே மெஷின் போதவில்லை. சுண்டெலிக்கு இத்தனை பெரிய இயந்திரமா? இது வீண்செலவு இல்லையா?" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு என்னிடத்தில் நல்ல பதில் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வீண்செலவாகவே பட்டது. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டேனே. இந்த ஒரு வருடமாக நம் கதிர்வீச்சுப் பிரிவின் டாக்டர்களையும் பிசிசிஸ்டையும் நான் தொந்தரவு செய்தது கொஞ்சமல்ல. அவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், வாசிக்கவும் கொடுத்தார்கள். நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன், விஞ்ஞானம் படித்தவன் அல்ல. ஆகையால் எனக்குப் புரிந்த அளவில், உங்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட இயந்திரம் நம் மருத்துவமனையில் இல்லை. அதை வாங்கக் காணிக்கை கேட்கவும் நான் நிற்கவில்லை. நீங்கள் நிம்மதியாகக் கேட்கலாம்.

முதலில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பஸ் டிரைவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். தொண்டையில் புற்றுநோய் என்று நம்மிடத்தில் வந்தார். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், மொத்தம் 35 தடவை அவருக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நம் ஜனங்கள் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். முகத்தின்மேல் வலைபோன்ற முகமூடியை மாட்டி, தலை அசையாதபடி மேஜையோடு பூட்டி, அந்த மனிதர் 35 நாளும் படுத்து எழுந்தார். கட்டி கரைந்துபோனது. அவர் வீட்டாரோடு சேர்ந்து நாங்களும் கர்த்தரை ஸ்தோத்திரித்தோம். மறுபடியும் வேலைக்குப் போனார்.

சில மாதங்களுக்குப் பின் அவர் மனைவியோடு நம் சிற்றாலயத்தில் திருவிருந்துக்கு வந்தார். அப்பத்தை வாயில் போட்டவருக்கு அது இறங்கவில்லை. இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். அடுத்த மாதம் வந்தபோது முன்னால் வரவே இல்லை, பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்தபின் போய் விசாரித்தேன்.

"அப்பம் இறங்க மாட்டேங்குது ஐயா. வாயில் எச்சிலே ஊறுறதில்லை. சோறு திங்கணும்னா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி வேணும். ராத்திரியில நாலு தடவை எழுந்து வாயை நனைச்சுக்கிறேன். ஜனங்க முன்னால இருமி அசிங்கமாயிடக் கூடாதேன்னு பின்னாலேயே உட்கார்ந்துட்டேன்" என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து அவருக்கு அப்பத்தைப் பாத்திரத்தில் தோய்த்துக் கொடுத்துவருகிறேன். அது என்னால் ஆன காரியம். ஆனால் அவருக்கு ஏன் அப்படி ஆயிற்று?

நம் காதுக்குக் கீழே இரு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி உண்டு. தொண்டைக்கும் கழுத்துக்கும் போகிற கதிர், வழியில் அதையும் தொட்டுவிடுகிறது. சுரப்பிக்கு விழுகிற அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் உமிழ்நீர் வற்றிப்போகும். கட்டியை விட்டுவைக்கவும் முடியாது, சுரப்பியை வாட்டவும் மனமில்லை. கதிர்வீச்சு மருத்துவத்தின் பாடு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆசிரியை அம்மாவின் சுண்டெலியும் இங்கேதான் வந்து சேருகிறது.

பிரியமானவர்களே, கதிர்வீச்சை அளக்கிற அளவுக்குக் 'கிரே' என்று பெயர். லூயிஸ் ஹெரால்டு கிரே என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் நினைவாக 1975இல் அந்தப் பெயரை வைத்தார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல் சக்தி இறங்கினால் அது ஒரு கிரே. டிரைவருக்குத் தினம் 2 கிரே, மொத்தம் 70 கிரே கொடுத்தார்கள். இனி ஒரு ஆச்சரியத்தைக் கேளுங்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவருடைய உடல் முழுவதிலும் ஒரே நேரத்தில் 4 கிரே விழுந்துவிட்டால், சிகிச்சையில்லாமல் அவர் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். அவ்வளவு கொடியது. ஆனால் அந்த 4 கிரேயின் சக்தியை வெப்பமாகக் கணக்கிட்டால், ஒரு வாய் சூடான காப்பியால் உடம்புக்கு வருகிற வெப்பத்துக்கு மேல் இராது. கதிர்வீச்சு உடலைச் சுடுவதில்லை. செல்லின் உள்ளே இருக்கிற மிக நுட்பமான இழைகளை அறுக்கிறது. ஆகவே எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. எங்கே, எத்தனை தடவையாக, எவ்வளவு நேரத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? ஒரு ஆட்டுக்கடாவிடமிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

பெண்கள் வார்டில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்கள்: "தினமும் பஸ் ஏறி வந்துபோனா கூலி போகுது ஐயா. மொத்தத்தையும் ஒரே நாள்ல வச்சு முடிக்கக் கூடாதா?" நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் டாக்டர்களுக்குள்ளும் இந்த வாதம் நடந்தது. ஒரே வீச்சில் பெரிய அளவாகக் கொடுப்பதே நல்லது என்று ஒரு சாரார் உறுதியாக நம்பினார்கள். 1920களில் பாரிஸ் நகரத்து ரேடியம் நிறுவனத்தில் குளோட் ரெகோ என்ற மருத்துவர் ஆட்டுக்கடாவின் விதைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். அங்கே செல்கள் ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கும். அந்த வகையில் அது கட்டியைப்போன்றது. மேலே இருக்கிற தோலோ சாதாரணத் தசையைப்போன்றது. ஒரே தடவையில் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்தப்போனால் தோல் வெந்து புண்ணானது. அதையே பல நாளாகப் பங்கிட்டுக் கொடுத்தபோது பெருக்கம் நின்றது, தோலும் பிழைத்தது. அதே நிறுவனத்தின் ஹென்றி கூட்டார் இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரையில் கைவிடப்பட்ட பலர் சுகம் பெற்றார்கள். இன்று உலகமெங்கும் நோயாளிகள் வாரக்கணக்காகத் தினமும் வந்துபோவதற்கு அடிப்படை அதுதான். அந்தத் தாயாரிடம் நான் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "அந்த ஆட்டுக்கடாவுக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்றார்கள்.

பின்பு விஞ்ஞானிகள் செல்களையே வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இருக்கிறது. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கே கர்ப்பவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் சிகிச்சை பெற்றார்கள். ஐந்து பிள்ளைகளுக்குத் தாயானவர்கள். 31 வயதில், அதே வருடத்தில் மரித்தார்கள். அவர்களுடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் சாகாமல் பெருகின. அவர்களிடத்தில் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அது ஒரு அநியாயம், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1956இல் கொலராடோவில் தியோடர் பக், பிலிப் மார்க்கஸ் என்ற இருவர் அந்தச் செல்களின்மேல் எக்ஸ்ரே செலுத்தி, எத்தனை அளவுக்கு எத்தனை செல்கள் பிழைக்கின்றன என்று எண்ணிக் கணக்கெடுத்தார்கள். கதிர்வீச்சு மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற வளைகோடு அப்படிப் பிறந்தது. நம் வார்டில் அதே வியாதியோடு படுத்திருக்கிற தாய்மார்களைப் பார்க்கும்போது, முகம் அறியாத அந்தச் சகோதரியை நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் கண்ணாடித் தட்டில் இருக்கிற செல்லுக்கு இரத்த ஓட்டமில்லை, மூச்சில்லை, வாய் வறளுவதுமில்லை. டிரைவருடைய துன்பத்தைத் தட்டில் பார்க்க முடியாது. அதைப் பார்க்க முழு உடல் ஒன்று வேண்டும். அதனால்தான் சுண்டெலி.

அந்தச் சுண்டெலிக்கு எப்படிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்பதுதான் இனி விஷயம். வெகுகாலம் அது ஒரு பெட்டிதான். தடித்த ஈயச் சுவருக்குள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். சுண்டெலியைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து உள்ளே தள்ளி, கணக்கான நிமிடங்கள் விட்டு வெளியே எடுப்பார்கள். தலை முதல் வால் வரை முழு உடலுக்கும் கதிர் விழும். ஒரு பகுதிக்கு மட்டும் வேண்டுமானால், மற்ற இடத்தை ஈயத் துண்டால் மறைப்பார்கள். அது உத்தேசமான வேலைதான்.

இதற்குள் மனிதருக்கான சிகிச்சை எங்கேயோ போய்விட்டது. 1990களிலும் அதற்குப் பின்னும் ஸ்கேன் படத்தைப் பார்த்து, பல திசைகளிலிருந்து கதிரை வளைத்து, மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்கிற முறைகள் வந்தன. நம் டிரைவர் முகமூடிக்குள் படுத்தது அந்த முறையில்தான். ஆனால் சோதனைச்சாலைச் சுண்டெலி அப்பொழுதும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டியில் கண்டதை முகமூடிக்குள் படுத்திருக்கிறவருக்கு எப்படிப் பொருத்துவது? உதாரணமாக, நம் இரத்தத்தில் நோயோடு போராடுகிற லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் கதிர்வீச்சுக்கு உடனே மடிந்துவிடும். முழு உடலுக்கும் கதிர் விழுந்த சுண்டெலிக்கு எதிர்ப்புச் சக்தியே ஒடுங்கிப்போகும். அதை வைத்துக்கொண்டு, கட்டிக்குக் கதிர் கொடுக்கும்போது எதிர்ப்புச் சக்தி எப்படி உதவுகிறது என்று ஆராய முடியுமா?

"மனுஷருக்கான பெரிய இயந்திரத்திலேயே சுண்டெலியையும் வைக்கலாமே" என்று நான் கேட்டேன். நம் பிசிசிஸ்ட் சிரித்தார். "ஐயா, சுண்டெலியின் எடை 25 கிராம். அதன் உடல் இரண்டு சென்டிமீட்டர் கனம். நம் இயந்திரத்தின் கதிருக்கு 60 லட்சம் வோல்ட் பலம். அது தோலைக் கடந்து ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் முழு வேகம் பிடிக்கும். அதற்குள் சுண்டெலி ஏறக்குறைய முடிந்துபோகும். மேலும் நம் கதிரின் ஓரம் சில மில்லிமீட்டர் மங்கலாக இருக்கும். மனுஷருக்கு அது பெரிதல்ல. சுண்டெலியின் மூளையே ஒரு சென்டிமீட்டர்தானே" என்றார். யானைக்குத் தைத்த சட்டையை அணிலுக்குப் போட முடியாது என்று புரிந்துகொண்டேன்.

இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு இடங்களில் முயற்சி நடந்தது. ஒன்று முன்னே சொன்ன பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அங்கே ஜான் வாங் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த இயந்திரத்தைப் பற்றிய விவரம் 2008இல் வெளியானது. மற்றொன்று கனடாவின் டொரன்டோவில் உள்ள பிரின்ஸஸ் மார்கரெட் மருத்துவமனை. அங்கே டேவிட் ஜஃப்ரே என்பவரின் குழு. இந்த இருவரும் அதற்கு முன்பே மிச்சிகனில் ஒன்றாக வேலைசெய்தவர்கள். சிகிச்சை மேஜையில் படுத்திருக்கும் நோயாளியை அங்கேயே ஸ்கேன் எடுத்து, இடம் சரிதானா என்று பார்க்கும் முறையை மனிதருக்காக உருவாக்கியவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். மனிதருக்குச் செய்ததைத்தான் பிற்பாடு சுண்டெலியின் அளவுக்குச் சுருக்கினார்கள். இன்று இவ்வகை இயந்திரங்களைக் கம்பெனிகளே செய்து விற்கின்றன.

பார்வைக்கு அது ஈயம் பொதிந்த ஒரு பெரிய பீரோ. உள்ளே எக்ஸ்ரே குழாய், எதிரே படம் பிடிக்கிற பலகை, நடுவே கம்ப்யூட்டர் அசைக்கிற சிறு மேடை. சுண்டெலிக்கு மூக்கின் வழியாக மயக்க வாயு கொடுத்து, மேடையில் கிடத்துவார்கள். குழாய் சுற்றியோ மேடை திரும்பியோ முதலில் ஸ்கேன் எடுக்கப்படும். படத்தில் கட்டியையோ நுரையீரலின் ஒரு ஓரத்தையோ குறித்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு என்று திட்டம் போடுவார்கள். பிறகு துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டைக் குழாயில் மாட்டி, அந்தத் துளை வழியாகக் கதிரை விடுவார்கள். துளையின் அளவுக்கேற்பக் கதிர் அரை மில்லிமீட்டர் வரை சுருங்கும். பலம் சுமார் 2,20,000 வோல்ட். சின்ன உடம்புக்கு அதுவே பொருத்தம். குறையும் உண்டு. இந்தப் பலத்தில் எலும்பு மற்றத் தசையைவிட அதிகமாகக் கதிரை உறிஞ்சிவிடும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்படியாக, டிரைவர் போன வழியில் சுண்டெலியும் போகிறது: படம், திட்டம், குறி, கதிர்.

ஆனால் இதனால் டிரைவருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். அதையே நானும் கேட்டேன். அப்பொழுது நம் டாக்டரம்மா சொன்னதைக் கேளுங்கள்.

நெதர்லாந்து தேசத்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் எலியின் காதுக்குக் கீழ் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துக்கொண்டார்கள். முழுச் சுரப்பிக்கும் கொடுக்காமல், குறுகிய கதிரால் மேற்பாதிக்கு மட்டும், அல்லது கீழ்ப்பாதிக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குக் கொடுத்தால் பாதி கெடும் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. மேற்பாதிக்குக் கதிர் பட்டபோது, கதிரே படாத கீழ்ப்பாதியும் நாளடைவில் கெட்டது. கீழ்ப்பாதிக்குப் பட்டபோது மேற்பாதி அப்படிக் கெடவில்லை. ஏன்? சுரப்பியைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிற மூலச் செல்கள் எங்கும் பரவலாக இல்லை, பெரிய குழல்களை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் கூடியிருக்கின்றன என்று தெரிந்தது. ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற ஊற்றுக்கண் ஒரு மூலையில் இருப்பதுபோல. அது அடைபட்டால் கதிர் படாத இடமும் வற்றிப்போகும். மனிதருடைய சுரப்பியிலும் அப்படியே ஒரு பகுதி உண்டு என்று 2015இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

இதைக் கேட்டபோது என் மனம் டிரைவரிடம் போனது. சுரப்பி முழுவதையும் காப்பாற்ற முடியாத இடத்திலும், அந்த ஊற்றுக்கண்ணை மட்டும் விலக்கிக் கதிரைச் செலுத்தினால் என்ன?

அதையும் அவர்கள் சோதித்தார்கள். நோயாளிகளை இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு அந்தப் பகுதியை விலக்கியும், மறு பங்குக்கு வழக்கப்படியும் சிகிச்சை கொடுத்து, 2022இல் முடிவைச் சொன்னார்கள். உங்களிடத்தில் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: எதிர்பார்த்த பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உமிழ்நீரின் அளவில் இரண்டு பங்காருக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனாலும் அந்தச் சிறு பகுதிக்கு விழுகிற அளவுக்கும் வாய் வறட்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அதிலும் தென்பட்டது. ஆகவே வேலை முடியவில்லை. நம் ஜெபங்களுக்கே சில சமயம் "இன்னும் கொஞ்சம் பொறு" என்ற பதில்தானே வருகிறது?

பாரிஸின் ஆட்டுக்கடா கேட்ட கேள்வியும் முடிந்துவிடவில்லை. அந்த ரேடியம் நிறுவனத்தின் வழிவந்த கியூரி நிறுவனத்தார் 2014இல் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். சுண்டெலியின் மார்புக்கு, நிமிடக்கணக்கில் கொடுக்கிற அளவை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் பளிச்சென்று கொடுத்தால், கட்டிக்கு விழவேண்டிய அடி விழுகிறது, நுரையீரலில் தழும்போ குறைகிறது. 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு, தோலில் இருந்த கட்டிக்கு, இப்படிக் கொடுத்தார்கள். இது எல்லாருக்கும் ஏற்ற சிகிச்சையா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தாயார் கேட்ட "ஒரே நாளில் முடியாதா" என்ற கேள்விக்கு, நூறு வருடம் கழித்து வேறொரு பதில் வந்தாலும் வரலாம்.

பிரியமானவர்களே, இன்னொரு காரியம் என்னை மிகவும் தொட்டது. கள்ளத்தராசைப் பற்றி வேதம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சோதனைச்சாலையிலும் தராசு உண்டு. சுண்டெலிக்கு 5 கிரே கொடுத்தோம் என்று ஒருவர் எழுதுகிறார். உண்மையில் விழுந்தது 5தானா? அளவைச் சரிபார்த்த பரிசோதனைகளில், சொன்ன அளவும் விழுந்த அளவும் ஒத்துப்போகாத சோதனைச்சாலைகள் இருந்தது தெரியவந்தது. யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, தராசைச் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பிசகிய அளவில் கண்ட முடிவை நம்பி அடுத்தவர் வேலைசெய்வார், அவரை நம்பி இன்னொருவர். கடைசியில் அந்தப் பிசகு வந்து நிற்பது ஒரு நோயாளியின் கழுத்தில். 2011இல் அமெரிக்காவின் தேசிய அளவை நிறுவனத்தில் நிபுணர்கள் கூடி, எந்த இயந்திரம், எந்தக் கதிர், எப்படி அளந்தோம் என்று ஒவ்வொருவரும் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நுட்பமான இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. அதன் தராசை அடிக்கடி சோதிக்கிற உண்மையுள்ள ஒரு ஆளும் வேண்டும். நம் பிசிசிஸ்ட் விடிந்தும் விடியாமலும் வந்து, முதல் நோயாளி மேஜையில் ஏறுமுன் இயந்திரத்தின் அளவைச் சரிபார்க்கிறார். இத்தனை வருடம் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பழைய பெட்டிகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரே குழாயின் ஸ்விட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். கதிரியக்கப் பொருளுக்கு ஸ்விட்ச் இல்லை. சீசியம்-137 பாதியாகத் தேயவே 30 வருடம் ஆகும். 2010இல் டில்லியில் நடந்ததைச் சிலர் நினைவில் வைத்திருப்பீர்கள். பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறையில் பல வருடம் பயன்படாமல் கிடந்த ஆராய்ச்சிக் கதிர்ப்பெட்டி ஒன்று ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் உடைக்கப்பட்டது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. ஒருவர் மரித்தார். வேறு சிலர் கதிர்வீச்சு நோயோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். அவர்களில் அன்றாடம் உழைத்துப் பிழைக்கிற ஜனங்களும் இருந்தார்கள். சீசியப் பெட்டிகளுக்குப் பதிலாக எக்ஸ்ரே இயந்திரங்களை வைக்க அமெரிக்காவில் அரசாங்கமே உதவிசெய்து வருவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

சுண்டெலியின் ஜீவனைப் பற்றியும் உங்களில் சிலருக்கு உறுத்தல் இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதுவும் படைப்புத்தான். நம் நாட்டில் 1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் விதிகள் உண்டு. அனுமதியில்லாமல் இஷ்டப்படி செய்ய முடியாது. ஆனால் சட்டத்தைவிட ஒன்று என் மனதில் நிற்கிறது. ஒரு ஜீவனை எடுத்துக்கொண்டு, உத்தேசமான அளவில், யாருக்கும் பொருந்தாத முறையில் சோதித்தால், அந்த ஜீவன் விருதாவாய்ப் போயிற்று. கவனமாகச் செய்தால் குறைவான எலிகளிலேயே தெளிவான பதில் கிடைக்கும். ஸ்கேனில் கட்டியைப் பார்த்தபடியே அதே சுண்டெலியைத் தொடர்ந்து கவனிக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்தச் சின்ன ஜீவனுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அந்தக் கவனம்தான்.

இனி ஆசிரியை அம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். அவர்கள் இன்றைக்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா, நம் நாட்டில் மனுஷருக்கு மெஷின் போதவில்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. சோதனைச்சாலை இயந்திரம் அந்தக் குறையைத் தீர்க்காது. நீங்கள் அனுப்புகிற காணிக்கை வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கே செலவாகிறது, அது சரியானதுதான். ஆனால் வீண்செலவா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் வேறு. தெரியாத ஒன்றை யாராவது முதன்முதலாகச் செய்து பார்த்துத்தான் ஆக வேண்டும். சுரப்பியின் எந்த மூலையில் கதிர் பட்டால் ஊற்று வற்றும் என்பது ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. அதை எலியில் கவனமாகப் பார்க்காவிட்டால், மனுஷருடைய கழுத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நம் டிரைவரைப்போல இன்னும் எத்தனையோ பேர் அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்திருப்பார்கள். பெட்டிக்குள் உத்தேசமாகப் பார்த்தாலும் அதே கதிதான், ஏனெனில் அந்தப் பதில் மனுஷருக்குப் பொருந்தாது. சுண்டெலிக்குக் காட்டுகிற அந்த அரை மில்லிமீட்டர் கவனம், நம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகக் காட்டுகிற கவனம். பால்டிமோரிலோ குரோனிங்கனிலோ யாரோ ஒருவர், முகம் தெரியாத நம் ஜனங்களுக்காக அதைச் செய்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமையும் டிரைவர் திருவிருந்துக்கு வந்திருந்தார். கையில் வழக்கமான தண்ணீர்ப் பாட்டில். இப்பொழுதெல்லாம் அவர் பின்வரிசையில் உட்காருவதில்லை. அப்பத்தைத் தோய்த்து அவர் வாயில் வைத்தேன், மெதுவாக விழுங்கினார். வெளியே வந்தபின், எலியின் சுரப்பியைக் குறித்து நான் வாசித்ததை அவருக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு இனிமே ஊறாது ஐயா, அது தெரியும். ஆனா எனக்குப் பின்னால வர்றவங்களுக்காவது ஊறட்டும்" என்றார்.

இதைவிட நல்ல முடிவுரை எனக்குத் தெரியாது. பந்தி ஆயத்தமாயிருக்கிறது என்று சொல்லுகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் தேடாமல் சாப்பிட முடிகிறதற்காக இன்றைக்கு ஸ்தோத்திரம் செலுத்திவிட்டு உட்காருவோம்.

கர்த்தர் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.